இமயத்துக்கு அடியில் மோஹோ எங்கே? ரிசீவர் ஃபங்ஷன் கோளாறுகள், அறிகுறி வாரியாக

பூமியின் மேலோடு முடிந்து அதற்குக் கீழே உள்ள கவசம் (மான்டில்) தொடங்கும் எல்லைக்கு மோஹோ என்று பெயர். டெல்லிக்குக் கீழே சுமார் 40 கி.மீ. ஆழத்தில் இருக்கும் இந்த மோஹோ, லடாக்கைத் தாண்டி காரகோரம் பிளவை ஒட்டிய தக்‌ஷாவுக்குப் போகும்போது சுமார் 75 கி.மீ.க்கு இறங்கிவிடுகிறது. ஹைதராபாத் தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்களும் அவர்களோடு சேர்ந்து உழைத்தவர்களும் 2006-இல் வெளியிட்ட முடிவு இது. அந்தக் கட்டுரையின் படத்தில் மோஹோ ஒரு சரிவுப் பாதை போலத் தெளிவாக இறங்கும். அதே முறையைக் கையில் எடுத்து, இமயப் பகுதி நிலையம் ஒன்றின் தரவை இறக்கி, நீங்களாகவே ரிசீவர் ஃபங்ஷன் போட்டுப் பார்த்தால் அப்படி எதுவும் தெரியாது. மேடும் பள்ளமுமாக ஒரு கோடு நெளியும். அதில் எந்த மேடு மோஹோ, எது எதிரொலி, எது வெறும் கருவிக் கோளாறு என்று பிரிப்பதற்காகத்தான் இந்த வழிமுறை.

முறையைச் சுருக்கமாக நினைவுபடுத்திவிடுகிறேன். தொலைதூர நிலநடுக்கத்தின் பி அலை (முதலில் வந்து சேரும் அழுத்த அலை) கீழிருந்து மேலேறி வரும்போது, பாறையின் வேகம் சட்டென்று மாறும் இடத்தில் அதன் ஒரு பகுதி எஸ் அலையாக (குறுக்கு அலையாக) மாறுகிறது. எஸ் மெதுவாகப் போகும் அலை. ஆகவே பி வந்து சில வினாடி கழித்துத்தான் நிலையத்தைத் தொடும். பதிவின் செங்குத்துக் கூறை வைத்து ரேடியல் கூறை, அதாவது நிலநடுக்கத்தின் திசையில் உள்ள கிடைமட்டக் கூறை, டிகன்வலூஷன் செய்தால் (ஒன்றிலிருந்து மற்றொன்றின் வடிவத்தைப் பிரித்தெடுத்தால்) நிலநடுக்கத்தின் சொந்த வடிவம் கழிந்து இந்தத் தாமதங்கள் மட்டும் மிஞ்சும். மிஞ்சும் கோடுதான் ரிசீவர் ஃபங்ஷன். பூமியின் மையத்திலிருந்து அளந்த கோணமாக 30 முதல் 95 பாகை தொலைவுக்குள் நடந்த நிலநடுக்கங்கள் இதற்கு ஏற்றவை.

எதையும் திருத்துவதற்கு முன்னால் சில எண்களை ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டிக்கொள்ளுங்கள். மேலோட்டின் பி வேகம் வினாடிக்கு 6.3 கி.மீ., பி-எஸ் வேக விகிதம் 1.73, ரே பாராமீட்டர் (அலை எவ்வளவு சாய்ந்து ஏறி வருகிறது என்பதன் அளவு) 0.06 என்று எடுத்துக்கொண்டால், 40 கி.மீ. ஆழ மோஹோ 4.8 வினாடியில் ஒரு மேடாக வரும். தரைக்கும் மோஹோவுக்கும் இடையே மோதித் திரும்பி வரும் அதன் முதல் எதிரொலி 16.6 வினாடியில் மேடாகவும், இரண்டாம் எதிரொலி 21.4 வினாடியில் பள்ளமாகவும் வரும். 70 கி.மீ. ஆழம் என்றால் இவை முறையே 8.5, 29, 37.5 வினாடிகள். கீழே வரும் பாதிக்கும் மேற்பட்ட சந்தேகங்கள் இந்த எண்களை வைத்தே தீர்ந்துவிடும்.

அறிகுறி: பூஜ்ய வினாடிக்கு முன்னாலேயே கோடு ஆடுகிறது

பி அலை வருவதற்கு முன்னால் எந்த மாற்றமும் நடந்திருக்க முடியாது. எனவே பூஜ்யத்துக்கு முன்னால் உள்ள ஆட்டம் முழுக்க டிகன்வலூஷன் போட்ட குப்பை. வாட்டர்-லெவல் முறை (மிகச் சிறிய எண்ணால் வகுபடாதபடி ஒரு குறைந்தபட்ச அளவு வைக்கும் முறை) என்றால் அந்த அளவைக் கொஞ்சம் ஏற்றிப் பாருங்கள். 1999-இல் லிகோரியாவும் அம்மனும் அறிமுகப்படுத்திய, மேடு மேடாகச் சேர்த்துக்கொண்டு போகும் முறைக்கு மாறினாலும் பலன் உண்டு. அந்த முறையில், கிடைத்த ரிசீவர் ஃபங்ஷனைச் செங்குத்துக் கூறோடு மறுபடி சேர்த்தால் அசல் ரேடியல் பதிவு எத்தனை சதவீதம் திரும்பி வருகிறது என்று பார்க்கலாம். 80 சதவீதத்துக்குக் கீழே போனதைத் தூக்கி எறிவது பலரும் வைத்திருக்கும் வழக்கம்.

திருத்திய பிறகும் கொஞ்சம் ஆட்டம் மிச்சமிருக்கும். அதை அழிக்காதீர்கள். பூஜ்யத்துக்கு முன்னால் உள்ள மிகப் பெரிய ஆட்டத்தின் உயரத்தை அளந்து வையுங்கள். பூஜ்யத்துக்குப் பின்னால் அதைவிடக் குட்டையாக நிற்கும் எந்த மேட்டுக்கும் பெயர் சூட்டும் உரிமை உங்களுக்கு இல்லை.

அறிகுறி: முதல் மேடே பூஜ்யத்தில் இல்லை, ஒரு வினாடி தள்ளி நிற்கிறது, அதன் பின் கோடு முழுக்க ஊஞ்சலாடுகிறது

நிலையம் கங்கைச் சமவெளியிலோ இமயத்தின் அடிவாரத்திலோ இருந்தால் இதை எதிர்பார்த்தே ஆக வேண்டும். மலையிலிருந்து அடித்து வரப்பட்ட வண்டல் அங்கே சில இடங்களில் 5 கி.மீ.க்கும் மேலான தடிமனில் கிடக்கிறது. அதன் மேல் பகுதியில் எஸ் அலை ஆமை வேகத்தில்தான் நகரும். ஒரு கி.மீ. தடிமனுள்ள மென் வண்டலில் எஸ் வேகம் 0.7, பி வேகம் 2 என்று வைத்துக் கணக்குப் போட்டால், வண்டலின் அடியில் மாறிய எஸ் அலை 0.9 வினாடி தாமதமாக வரும். மென் வண்டலில் பி அலை ஏறக்குறைய நேர் செங்குத்தாக ஏறுவதால் ரேடியல் கூறில் அதன் பங்கு மிகவும் குறைவு. எனவே இந்த எஸ் மேடுதான் கண்ணுக்கு முதலில் படுகிறது. பூஜ்யம் நகர்ந்துவிட்டது என்று நினைத்து நேரத்தை இழுத்துச் சரிசெய்பவர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

ஊஞ்சலாட்டம் வருவதும் இதே வண்டலால்தான். வண்டலுக்குள் மாட்டிக்கொண்ட எஸ் அலை மேலும் கீழும் போய் வர இந்த உதாரணத்தில் 2.9 வினாடி ஆகிறது. ஒவ்வொரு சுற்றிலும் குறி மாறும். 4.8 வினாடியில் வரவேண்டிய மோஹோ இந்தக் கூச்சலில் காணாமல் போகிறது.

2015-இல் யூவும் அவருடைய குழுவினரும் முன்வைத்த ஒத்ததிர்வு நீக்கும் வடிகட்டி இதற்கு எளிய மருந்து. ரிசீவர் ஃபங்ஷனை அதனுடனேயே ஒப்பிட்டு ஆட்டோகோரிலேஷன் எடுங்கள். முதல் பெரிய பள்ளம் எத்தனை வினாடியில் விழுகிறது, எவ்வளவு ஆழமாக விழுகிறது என்ற இரண்டு எண்களே போதும். அவற்றை வைத்து எதிரொலித் தொடரைக் கழித்துவிடலாம். கழித்த பிறகு புதையுண்ட மோஹோ எழுந்து வருவதைப் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் வேலை அதோடு முடியவில்லை. மோஹோவிலிருந்து வரும் எஸ் அலையும் அதே வண்டலின் வழியாகத்தான் ஏறி வந்திருக்கிறது. கெட்டிப் பாறையாக இருந்தால் ஆகியிருக்கும் நேரத்தைவிட 0.8 வினாடி கூடுதலாக எடுத்திருக்கிறது. அதைக் கழிக்காமல் ஆழம் கணக்கிட்டால் மோஹோ 6 கி.மீ.க்கு மேல் கீழே போய் உட்காரும். சமவெளியில் தடித்த மேலோடு என்று யாராவது காட்டினால் முதலில் இந்தத் திருத்தத்தைச் செய்தார்களா என்று கேளுங்கள்.

ஆட்டோகோரிலேஷனில் பள்ளம் சீராக விழாமல் குழம்பினால், ஒரே அடுக்கு என்ற அனுமானம் அங்கே செல்லாது. அந்த நிலையத்துக்கு வடிகட்டியை விட்டுவிட்டு, மேற்பரப்பு அலைகளோடு சேர்த்து வேக மாதிரியைத் தேடுவதே நேர்மையான வழி.

அறிகுறி: 8 வினாடியில் அழகான மேடு, 70 கி.மீ. மோஹோ என்று எழுதப் போகிறீர்கள்

இங்கேதான் அதிகம் பேர் விழுகிறார்கள். ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

20 கி.மீ. ஆழத்தில் ஒரு அடுக்கு எல்லை இருக்கிறது, கீழே வேகம் கூடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் நேரடி மேடு 2.4 வினாடியில் வரும். அதன் முதல் எதிரொலி 8.3 வினாடியில் வரும். திபெத்தில் 70 கி.மீ. மோஹோவின் நேரடி மேடு 8.5 வினாடி. இரண்டுக்கும் இடையே 0.2 வினாடிதான் வித்தியாசம். உயர் அதிர்வெண்ணைக் கழிக்க நாம் வழக்கமாகப் போடும் காஸியன் வடிகட்டியின் அளவு 2.5 என்றால் ஒவ்வொரு மேடும் ஏறக்குறைய ஒரு வினாடி அகலம். எனவே கண்ணால் பிரிக்க வழியே இல்லை. மோதல் மண்டலம் என்றாலே மேலோட்டின் நடுவில் உந்துபிளவுகளும் அடுக்கு எல்லைகளும் இருக்கத்தான் செய்யும். சாதாரணக் கண்டத்தின் 40 கி.மீ. மேலோட்டுக்கு மோஹோ 4.8 வினாடியில் வந்துவிடுவதால் நடு மேலோட்டின் எதிரொலி அதைத் தொடாது. மேலோடு தடித்த இடத்தில் மட்டும் இரண்டும் ஒரே ஜன்னலுக்குள் வந்து மோதுகின்றன.

பிரிக்கும் வழி: எல்லா நிலநடுக்கங்களையும் ஒன்றாகக் கூட்டாதீர்கள். ரே பாராமீட்டர்படி வரிசைப்படுத்தி, பக்கம் பக்கமாக வரைந்து பாருங்கள். 95 பாகை தொலைவிலிருந்து வரும் அலைக்கு ரே பாராமீட்டர் சுமார் 0.04, 30 பாகைக்குச் சுமார் 0.08. தொலைவிலிருந்து அருகே வர வர, 70 கி.மீ. மோஹோவின் நேரடி மேடு 8.3-இலிருந்து 8.8 வினாடிக்குப் பின்னால் போகும். 20 கி.மீ. அடுக்கின் எதிரொலியோ 8.5-இலிருந்து 8.0 வினாடிக்கு முன்னால் வரும். எதிரெதிர் திசையில் அரை வினாடி நகர்வு. நல்ல தரவு இருந்தால் இது கண்ணுக்கே தெரியும். தெரியவில்லை என்றால் இரண்டு விதமான நேரத் திருத்தத்தையும் போட்டுத் தனித்தனியாகக் கூட்டிப் பாருங்கள். எந்தத் திருத்தத்தில் மேடு கூர்மையாகிறதோ அதுவே அதன் பிறப்பைச் சொல்லும்.

அப்புறம் இன்னொரு சோதனை. 8.5 வினாடி மேடு உண்மையிலேயே மோஹோ என்றால் 29 வினாடியில் அதன் எதிரொலி இருக்க வேண்டும். பலவீனமாக இருக்கலாம், ஆனால் அதைத் தேடாமல் விடக்கூடாது. அதேபோல் 2.4 வினாடியில் மேடே இல்லை என்றால் 8.3-இல் அதன் எதிரொலி இருக்க வாய்ப்பில்லை. குற்றவாளி இல்லாமல் குற்றம் நடக்காது.

இதில் கவனிக்க வேண்டிய நுணுக்கம் குறி. இந்தியத் தட்டு இமயத்துக்கு அடியில் வழுக்கிப் போகும் மெயின் ஹிமாலயன் த்ரஸ்ட் பல இடங்களில் வேகம் குறைந்த மெல்லிய பட்டையாக, அதாவது முதலில் பள்ளமாக, பதிவாகிறது. பள்ளத்தின் முதல் எதிரொலியும் பள்ளம்தான். அது மோஹோ மேட்டின் மீது விழுந்தால் மோஹோவையே விழுங்கிவிடும். அடுத்த அறிகுறிக்கு அதுவும் ஒரு காரணம்.

அறிகுறி: மோஹோவே இல்லை

பதற வேண்டாம், மோஹோ இல்லாத கண்டம் கிடையாது. இந்த வரிசையில் பாருங்கள்.

வடிகட்டியை இறக்குங்கள். காஸியன் அளவை 2.5-இலிருந்து 1-க்கு இறக்கினால், அரை ஹெர்ட்ஸுக்கு மேற்பட்டவை பெரும்பாலும் கழிந்துவிடும். வேகம் சட்டென்று மாறாமல் சில கி.மீ. ஆழத்தில் படிப்படியாக மாறும் மோஹோ, உயர் அதிர்வெண்ணில் தெரியாமல் தாழ் அதிர்வெண்ணில் தெரியும். இறக்கியதும் மேடு எழுந்தால் உங்களுக்கு இரட்டை லாபம்: மோஹோவும் கிடைத்தது, அது படிப்படியான எல்லை என்ற தகவலும் கிடைத்தது.

எழவில்லையா? கூட்டுவதை நிறுத்திவிட்டு, நிலநடுக்கம் வந்த திசைப்படி பிரியுங்கள். 70 கி.மீ. ஆழத்தில் மோஹோவைத் தொடும் கதிர், நிலையத்துக்கு நேர் கீழே தொடுவதில்லை. சுமார் 15 கி.மீ. தள்ளித் தொடுகிறது. தெற்கிலிருந்து வரும் அலை தெற்கே ஒரு புள்ளியையும், வடக்கிலிருந்து வருவது வடக்கே ஒரு புள்ளியையும் பார்க்கிறது. இரண்டுக்கும் இடையே 30 கி.மீ. மோஹோ 10 பாகை சாய்ந்திருந்தால் அந்த 30 கி.மீ.க்குள் ஆழம் 5 கி.மீ.க்கு மேல் மாறிவிடும். நேரத்தில் அரை வினாடிக்கும் அதிகம். எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டினால் மேடு தட்டையாகிப் போகும். இமயத்தில் இருந்து பார்த்தால் நிலநடுக்கங்கள் பெரும்பாலும் கிழக்கிலும் தென்கிழக்கிலும்தான்: ஜப்பான், மரியானா, பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா. மேற்கிலிருந்து கிடைப்பது சொற்பம். ஆறு மாதத் தரவில் மேற்குப் பக்கத்தைப் பற்றிப் பேசவே முடியாது.

இதற்கும் மசியவில்லை என்றால் எஸ் ரிசீவர் ஃபங்ஷன், அதாவது எஸ் அலை பி ஆக மாறுவதை வைத்துச் செய்யும் அதே கணக்கு, போடுங்கள். அதில் மாறிய பி அலை எஸ்ஸுக்கு முன்னால் வந்துவிடும், எதிரொலிகள் எஸ்ஸுக்குப் பின்னால்தான் வரும். எனவே எதிரொலிச் சண்டையே இல்லை. விலை: தெளிவு குறைவு, சத்தம் அதிகம். கடைசி ஆயுதமாக வைத்துக்கொள்ளலாம்.

அறிகுறி: ஒன்றுக்கு இரண்டு மோஹோ

தென் திபெத்தில் 6-7 வினாடியில் ஒரு மேடு, 9 வினாடியை ஒட்டி இன்னொன்று. இதைப் பார்த்ததும் எதிரொலி என்று ஒதுக்கிவிடத் தோன்றும். மேலே சொன்ன ரே பாராமீட்டர் சோதனையைச் செய்யுங்கள். இரண்டு மேடுகளும் ஒரே திசையில் நகர்ந்தால் இரண்டும் நேரடி மேடுகள், இரண்டும் நிஜம்.

2002 முதல் 2005 வரை நேபாளத்திலிருந்து திபெத்துக்குள் சுமார் 800 கி.மீ. நீளத்துக்கு நெருக்கமாக நிலையங்கள் வைத்து நடந்த ஹை-க்ளைம்ப் திட்டத்தில் இந்த இரட்டை தொடர்ச்சியாகத் தெரிந்தது. நாபெலெக் குழுவினர் 2009-இல் வெளியிட்ட அந்தப் படம்தான் இந்தியாவின் மேலோட்டைத் திபெத்துக்கு அடியில் வட அட்சம் 31 பாகை வரை பின்தொடர முடியும் என்று காட்டியது. இரட்டைக்கு அவர்களும் பிறரும் சொல்லும் விளக்கம்: உள்ளே தள்ளப்பட்ட இந்திய மேலோட்டின் அடிப்பகுதி அழுத்தத்தில் எக்லஜைட் என்ற அடர்ந்த பாறையாக மாறுகிறது. எக்லஜைட்டின் அலைவேகம் கவசத்தின் வேகத்தை நெருங்கிவிடும். ஆகவே அதன் மேற்புறம் ஒரு மேடு, அடிப்புறத்தில் உள்ள உண்மையான மோஹோ இரண்டாவது மேடு. இரண்டாவது மேடு பலவீனமாக இருப்பதும் இதோடு பொருந்துகிறது, அங்கே வேக வித்தியாசம் குறைந்துவிட்டதே.

இதிலிருந்து ஒரு நடைமுறைச் சிக்கல் முளைக்கிறது. பலமான மேட்டைத் தானாகத் தேடி எடுக்கும் நிரல் எழுதியிருந்தால், அது தெற்கே மோஹோவையும் வடக்கே போகப் போக எக்லஜைட்டின் தலையையும் எடுக்கும். வரைபடத்தில் மோஹோ திடீரென்று 15 கி.மீ. மேலே துள்ளும். அந்தத் துள்ளலைப் பிளவு என்று எழுதுவதற்கு முன்னால், துள்ளிய இடத்தின் இரு பக்கத்து நிலையங்களையும் கையால் பாருங்கள். தனி நிலையத்தில் இரட்டையை நம்பாதீர்கள். அண்டை நிலையங்களில் இரண்டு மேடுகளும் சீராகத் தொடர வேண்டும். நிலையங்களுக்கு நடுவே 50 கி.மீ. இடைவெளி இருந்தால் தொடர்ச்சி என்று சொல்வதெல்லாம் நம் ஆசைதான்.

அறிகுறி: எச்-கப்பா விகிதம் 1.95 காட்டுகிறது, அல்லது விடை கட்டத்தின் விளிம்பில் போய் ஒட்டிக்கொள்கிறது

2000-இல் ஜூவும் கனமோரியும் கொண்டுவந்த இந்த முறை நேரடி மேட்டையும் இரண்டு எதிரொலிகளையும் சேர்த்து, ஆழத்தையும் பி-எஸ் வேக விகிதத்தையும் ஒரே நேரத்தில் தேடுகிறது. எதிரொலி தெளிவாக இல்லாவிட்டால் ஆழத்தையும் விகிதத்தையும் பிரிக்க அதனிடம் எதுவுமே இல்லை. மோஹோ 8.5 வினாடியில் இருக்கும்போது விகிதத்தை 1.73-இலிருந்து 1.83-க்கு மாற்றினால் ஆழம் 70-இலிருந்து 62 கி.மீ.க்கு வந்துவிடும். 40 கி.மீ. மேலோட்டில் இதே மாற்றம் 5 கி.மீ.க்குள் அடங்கும். தடித்த மேலோட்டில் தவறும் தடிக்கிறது.

விளிம்பில் விடை நின்றால் அதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், கட்டத்தை அகலப்படுத்தி ஏமாறாதீர்கள். நடுவில் நின்று, அதுவும் உயர்ந்த விகிதம் என்றால், எதிரொலி நேரங்களில் உண்மையிலேயே மேடும் பள்ளமும் இருக்கின்றனவா என்று தனியாகப் பாருங்கள். இருந்தால் மதிப்புக் கொடுக்க வேண்டும். ஏனென்றால் வட திபெத்தில் மேலோட்டின் விகிதம் வழக்கத்தைவிட உயர்ந்திருப்பதாக ஓவன்ஸும் ஸாண்ட்டும் 1997-இலேயே காட்டியிருக்கிறார்கள். மேலோடு சூடாக, ஓரளவு உருகியிருப்பதற்கான சான்றாக அதை எடுத்துக்கொள்கிறார்கள். சாய்ந்த மோஹோவுக்கு மேலே நிற்கும் நிலையத்தில் இந்த முறையை ஓட்டவே வேண்டாம். அது அடுக்குகள் கிடைமட்டம் என்று நம்பி எழுதப்பட்டது.

அறிகுறி: உங்கள் ஆழம் எல்லா இடத்திலும் பிறர் சொன்னதைவிட 4-5 கி.மீ. அதிகம்

நிலையத்தின் உயரத்தைக் கழித்தீர்களா? திபெத்தில் அதுவே 4-5 கி.மீ. ரிசீவர் ஃபங்ஷன் தரும் ஆழம் நிலையத்திலிருந்து. கட்டுரைகளில் பல கடல் மட்டத்திலிருந்து.

அறிகுறி: டிரான்ஸ்வர்ஸ் கூறில் ஏராளமான ஆற்றல்

டிரான்ஸ்வர்ஸ் என்பது ரேடியலுக்குக் குறுக்கே உள்ள கிடைமட்டக் கூறு. அடுக்குகள் கிடைமட்டமாகவும் எத்திசையிலும் ஒரே வேகத்தோடும் இருந்தால் அது வெறுமையாக இருக்க வேண்டும். மோதல் மண்டலத்தில் அப்படி இருக்காது என்பதால், நிறைந்து கிடக்கும் டிரான்ஸ்வர்ஸை உடனே அனைசோட்ரபி (திசைக்குத் திசை வேகம் மாறுவது) என்று எழுதும் ஆசை வரும். முதலில் கருவி திரும்பி நிற்கிறதா என்று பாருங்கள். வடக்கு அம்புக்குறி 10 பாகை தவறியிருந்தால் ரேடியலில் இழப்பு இரண்டு சதவீதம்கூட இல்லை, கவனிக்கவே மாட்டீர்கள். டிரான்ஸ்வர்ஸிலோ நேரடி பி அலையின் 17 சதவீதம் கசிந்து வந்துவிடும். உண்மையான அனைசோட்ரபியின் அளவும் கிட்டத்தட்ட அதுதான். லடாக்கில் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வித்தியாசம் சில பாகைதான். ஆகவே பெரிய தவறுக்குக் காரணம் பெரும்பாலும் திசைகாட்டிக்குப் பக்கத்தில் இருந்த இரும்புக் கதவு, கான்கிரீட் கம்பி, சில சமயம் அங்கே உள்ள பாறையே.

அடையாளம் சுலபம். பூஜ்ய வினாடியில் டிரான்ஸ்வர்ஸ் எந்தத் திசையிலிருந்து வந்த நிலநடுக்கத்துக்கும் ஒரே குறியில் இருந்தால் கருவி திரும்பியிருக்கிறது. திசையோடு சேர்ந்து ஒரு முழுச் சுற்றில் ஒரு முறை மேடாகவும் ஒரு முறை பள்ளமாகவும் மாறினால் சாய்ந்த அடுக்கு, அல்லது சாய்ந்த அச்சுள்ள அனைசோட்ரபி. சுற்றுக்கு இரண்டு முறை மாறினால் கிடைமட்ட அச்சுள்ள அனைசோட்ரபி. 2001-2003-இல் கிழக்கு நேபாளத்தில் நிலையங்கள் வைத்த குழு, இந்த மாற்றங்களைப் படித்துத்தான் இந்தியத் தட்டு வழுக்கும் தளத்தை ஒட்டிய பாறை வெட்டுண்டு இழைபோல் நீண்டிருப்பதை 2005-இல் எடுத்துக் காட்டியது. அவர்களுக்கு எல்லாத் திசையிலிருந்தும் தரவு இருந்ததால்தான் அது முடிந்தது. கால் வட்டத்துக்கு மட்டும் தரவு வைத்துக்கொண்டு சைன் வளைவு பொருத்துபவரைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும்.

அறிகுறி: மேலோட்டின் நடுவில் பெரிய பள்ளம், உருகிய பாறையா?

இருக்கலாம். 1990-களில் இன்டெப்த் திட்டம் தென் திபெத்தின் யாதோங்-குலு பிளவுப் பள்ளத்தாக்கை ஒட்டி 15 முதல் 18 கி.மீ. ஆழத்தில் பளிச்சென்ற பிரதிபலிப்புகளைக் கண்டது. பகுதி உருகிய பாறை என்று ஒரு தரப்பும், உப்பு நீர் போன்ற திரவம் என்று இன்னொரு தரப்பும் வாதிட்டன. ஆக, இந்த ஊரில் பள்ளத்துக்கு நியாயமான காரணம் உண்டு. ஆனாலும் 3.2 வினாடியில் உள்ள பள்ளத்தை 26 கி.மீ. ஆழத்து உருகல் என்று எழுதுவதற்கு முன்னால், 6 கி.மீ. ஆழத்தில் ஏதாவது எல்லை இருக்கிறதா என்று பாருங்கள். அதன் இரண்டாம் எதிரொலி அதே 3.2 வினாடியில், அதே பள்ளமாக வரும். ரே பாராமீட்டர் சோதனை இங்கேயும் உதவும். ஆனால் சின்ன நேரங்களில் நகர்வும் சின்னது, எனவே பெரும்பாலும் முடிவு சொல்லாது. மின்கடத்துத்திறன் அளவீடு பக்கத்தில் எடுத்திருந்தால் அதைப் பாருங்கள். திரவமோ உருகலோ இருந்தால் மின்சாரம் எளிதில் பாயும். ரிசீவர் ஃபங்ஷனை மட்டும் வைத்து வேக மாதிரி கட்டினால் ஒரே கோட்டுக்குப் பல மாதிரிகள் பொருந்தும் என்பதை அம்மன், ரான்டல், ஸாண்ட் மூவரும் 1990-இலேயே காட்டிவிட்டார்கள்.

அறிகுறி: பருவத்துக்குப் பருவம் தரவு கெடுகிறது

மழைக்காலத்தில் மட்டும் ஒரு ஹெர்ட்ஸுக்கு மேல் இரைச்சல் என்றால் பக்கத்தில் ஆறு இருக்கிறதா பாருங்கள். ஹை-க்ளைம்ப் நிலையங்களில் திரிசூலி ஆற்றின் இரைச்சல் பதிவானது. வேறொரு குழு அதையே எடுத்து, ஆறு உருட்டிச் செல்லும் கற்களைப் படிக்கும் கருவியாக ஆக்கிவிட்டது. உங்களுக்கு அது வேண்டாம் என்றால் வடிகட்டியே போதும், மோஹோ அதற்குக் கீழே உள்ள அதிர்வெண்ணில்தான் இருக்கிறது.

குளிர்காலத்தில் கிடைமட்டக் கூறுகள் மட்டும் நீண்ட அலைவில் அலைந்தால், மண் உறைந்து உருகுவதில் கருவி சாய்கிறது. கருவியின் எடை நடுநிலையைக் காட்டும் பதிவைப் பாருங்கள், அது ஓரத்துக்குப் போயிருந்தால் அந்தக் காலத்துத் தரவை மொத்தமாக விடுங்கள். பனி மூடி ஜிபிஎஸ் பிடிக்காமல் கடிகாரம் ஓடிப்போனால்? ரிசீவர் ஃபங்ஷனுக்கு அது ஒன்றும் செய்யாது. மூன்று கூறுகளுக்கும் ஒரே கடிகாரம், நமக்கு வேண்டியது அவற்றுக்கு இடையே உள்ள வித்தியாசம் மட்டும். அலைகளின் பயண நேரங்களிலிருந்து உள்ளே உள்ள வேகத்தைப் படமாக்கும் டோமோகிராஃபிக்கு அந்தத் தரவு உதவாது.

அறிகுறி: டோமோகிராஃபியில் திபெத்துக்கு அடியில் மெதுவான கவசம், அல்லது தென்கிழக்காகச் சாயும் வேகமான தட்டு

மெதுவான கவசம் என்றால் முதலில் மேலோட்டுத் திருத்தம். 40 கி.மீ. மேலோட்டுக்குப் பதில் 70 கி.மீ. இருந்தால், கவசத்தில் போயிருக்க வேண்டிய 30 கி.மீ.யை அலை மேலோட்டின் வேகத்தில் கடக்கிறது. இதற்கே ஒரு வினாடி தாமதம். நிலையம் 5 கி.மீ. உயரத்தில் இருப்பதால் இன்னும் சுமார் 0.9 வினாடி. ஒரு பகுதிக்குள் நிலையத்துக்கு நிலையம் நாம் தேடும் வித்தியாசங்களே அதற்குள் அடங்கிவிடும். இந்தத் திருத்தம் இல்லாமல் பயண நேரங்களிலிருந்து வேகப் படத்தைக் கட்டினால் தடித்த மேலோட்டின் நிழல் கவசத்தில் விழும். ரிசீவர் ஃபங்ஷனில் கிடைத்த மோஹோவைத்தான் இங்கே கொண்டு வந்து போட வேண்டும். அது தவறாக இருந்தால் இதுவும் தவறும்.

சாயும் தட்டு என்றால் நிலநடுக்கங்களின் திசையைப் பாருங்கள். கதிர்கள் பெரும்பாலும் கிழக்கு-தென்கிழக்கிலிருந்து ஏறி வருவதால் எந்தக் கட்டியும் அந்தக் கதிர்களின் வழியே இழுபட்டுத் தெரியும். செக்கர்போர்டு சோதனை (சதுரங்கக் கட்டம் போன்ற செயற்கை மாதிரி திரும்பக் கிடைக்கிறதா என்று பார்ப்பது) மட்டும் போதாது. நீங்கள் நம்பும் தட்டை நேர் செங்குத்தாக மாதிரியில் வைத்து, அதே கதிர்களோடு ஓட்டிப் பாருங்கள். அதுவும் சாய்ந்து வெளியே வந்தால் சாய்வு கதிர்களுடையது. 2003-இல் டில்மன் குழுவினர் மத்திய திபெத்தில் 100-இலிருந்து 400 கி.மீ. வரை ஏறக்குறைய செங்குத்தாக இறங்கும் இந்தியக் கவசத்தைக் காட்டியது போல, கதிர்களின் சாய்வை மீறி நிற்கும் வடிவத்துக்கு நம்பிக்கை கூடுதல்.

அறிகுறி: 410 கி.மீ. எல்லை காணவில்லை

இது கவசத்துக்குள் 410 கி.மீ. ஆழத்தில் வேகம் சட்டென்று கூடும் எல்லை. அதன் மேடு 44 வினாடியை ஒட்டி வரவேண்டும். மேலோடு 80 கி.மீ. தடித்த இடத்தில், உதாரணமாக மேற்கு திபெத்தில், மோஹோவின் இரண்டாம் எதிரொலி 43 வினாடியில் பள்ளமாக வந்து அதை அழித்துவிடும். ரே பாராமீட்டர்படி நேரத்தைத் திருத்திக் கூட்டினால் எதிரொலி கலைந்து 410 மிஞ்ச வாய்ப்பு உண்டு. மிஞ்சியது 44-க்குப் பதில் 46-இல் நின்றால் 410 கி.மீ. எல்லை இறங்கிவிட்டது என்று சொல்லிவிடாதீர்கள். அதற்கும் கீழே உள்ள 660 கி.மீ. எல்லை 68-ஐ ஒட்டி இருக்கிறதா, 70-க்குப் போயிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சேர்ந்து நகர்ந்து, நடுவில் 24 வினாடி அப்படியே இருந்தால் தாமதம் மேலே உள்ள மேலோட்டிலோ மேல் கவசத்திலோ சேர்ந்தது; 410 தன் இடத்திலேயே இருக்கிறது.